பெயர்ந்த புல்

"ஏன் தம்பி, இவ்ளோ எடம் புல்லா கெடக்குதே, ஒத்த மாட்டக்கூட காணுமே?"

கொடைக்கானலில் தூண் பாறைக்குப் போகிற வழியில் வேன் நின்றபோது எங்கள் தெருப் பெரியம்மா கேட்டது இது. ஜெயங்கொண்டத்திலிருந்து முந்தின நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டிருந்தோம். திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று தூங்கியும் விழித்தும் வந்து, விடிகிற நேரத்தில் மலை ஏறியிருந்தோம். இருபத்திரண்டு பேர். பாதிப் பேர் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கி வாழ்கிறவர்கள். இத்தனை பச்சையை ஒரே விரிப்பாக அவர்கள் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் செம்மண். முந்திரி மரத்தின் அடியில் சருகுதான் கிடக்கும், புல் முளைக்காது. நெல் வயலின் பச்சை வேறு. அதற்கு அறுப்பு நாள் என்று ஒன்று உண்டு. அறுப்பே இல்லாத ஒரு பச்சை, மேடும் பள்ளமுமாக, மரக்கூட்டங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

அது கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் ஆடுகளம். 1895-இல் தொடங்கிய கிளப். பதினெட்டுக் குழிகள். உறுப்பினர்களுடையதுதான் என்றாலும் வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்களும் கட்டணம் கட்டி ஆடலாம். நண்பர்கள், அலுவலகத் தோழர்கள் என்று கூட்டமாக வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் நான் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பெரியம்மாவிடம், "இது வெளையாடுற எடம் பெரியம்மா" என்று மட்டும் சொன்னேன். "இம்மாம் பெரிய எடத்துலயா?" என்றார். சற்று நேரத்தில் தூரத்து மரவரிசையிலிருந்து மூன்று காட்டெருமைகள் இறங்கி வந்து புல்லை மேயத் தொடங்கின. பெரியம்மாவின் முகம் தெளிந்தது. "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

எனக்கு மனசில் நின்றது வேறொரு காட்சி. எங்களுக்குப் பக்கமாக ஒரு வயதான ஆட்டக்காரர் பந்தை அடித்தார். பந்து போன வேகத்தில் மட்டை உரசிய இடத்தில் உள்ளங்கை அளவு புல் வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து நாலடி தள்ளி விழுந்தது. அவர் பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. நடந்து போய், குனிந்து, அந்தப் புல்துண்டை எடுத்து வந்து, பெயர்ந்த பள்ளத்திலேயே வைத்து, காலால் மெல்ல மிதித்து அமுக்கினார். பிறகுதான் நடந்தார்.

அந்த ஆட்டத்தின் எழுதப்பட்ட ஒழுங்கு அது. யார் வந்து ஆடினாலும், உறுப்பினரோ விருந்தாளியோ, தான் பெயர்த்த புல்லைத் தானே திரும்ப வைக்க வேண்டும். மணல் குழியில் இறங்கினால் தன் காலடித் தடத்தை வாரியால் வழித்துவிட்டு ஏற வேண்டும். பின்னால் வேகமாக வருகிற குழுவுக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். நடுவர் என்று ஒருவர் கூடவே வருவதில்லை. தன்னால் பந்து நகர்ந்துவிட்டால், யாருமே பார்க்காவிட்டாலும், ஆடுகிறவனே தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓபன் போட்டியில், வேறு எவர் கண்ணுக்கும் படாத ஓர் அசைவுக்காகத் தனக்குத் தானே தண்டம் விதித்துக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமனாகி, மறு ஆட்டத்தில் அவர் பட்டத்தை இழந்தார். ஆட்டங்களில் இவ்வளவு நேர்மையைக் கேட்கிற ஆட்டம் அதிகமில்லை. இதை நான் முழு மரியாதையோடுதான் சொல்கிறேன். கோல்ஃப் என்றாலே பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. எங்கள் தெருப் பையன்கள் கோலிக்குண்டுக்குத் தோண்டும் குழிக்கும் அங்கே இருக்கிற நாலேகால் அங்குலக் குழிக்கும் ஆசை ஒன்றுதான். தொலைவில் இருக்கிற ஒரு பள்ளத்தில் ஓர் உருண்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆசை.

என் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது. பெரியம்மா கேட்டதும் அதைத்தான்.

கோல்ஃப் பிறந்த இடம் மேய்ச்சல் புறம்போக்கு. ஸ்காட்லாந்தின் கடற்கரையில், உழவுக்கு உதவாத மணல்மேட்டில், ஆடுகளும் முயல்களும் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய புல்லில் ஆடிய ஆட்டம் அது. அந்தக் கடலோரத் தரையை 'லிங்க்ஸ்' என்பார்கள். உள்நாட்டில், மரங்களுக்கு நடுவே பூங்கா போல உருவாக்கிய களங்களைப் 'பார்க்லேண்ட்' என்பார்கள். கடற்கரை லிங்க்ஸ் ஊருக்குப் பொதுவாக இருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிற்றூரில் 1552-ஆம் ஆண்டுப் பேராயரின் சாசனம் ஒன்று இருக்கிறது. அந்த மணல்வெளியில் முயல் வளர்க்கும் உரிமை பேராயருக்கு. ஆடவும் ஓடவும் மற்ற எல்லாவற்றுக்கும் உரிமை ஊர்மக்களுக்கு. பிறகு ஊராட்சி கடனில் மூழ்கி, 1797-இல் நிலத்தை முயல் வணிகர்கள் கைக்கு விட்டது. ஊருக்கும் அவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் சண்டை. 1821-இல் ஊர்ப் பக்கத்து நிலக்கிழார் ஒருவர் அதை வாங்கி ஆட்டத்துக்காகக் காப்பாற்றினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது மறுபடி ஊரின் உடைமையானது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் களம் இன்றைக்கும் ஒரு தனியார் கிளப்பின் சொத்து இல்லை.

அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தபோதுதான் ஆட்டம் வேலிக்குள் போனது. 1829-இல் கல்கத்தா கிளப். பிரிட்டனுக்கு வெளியே உலகத்திலேயே மூத்தது. அதன் பின் கொழும்பு; அவர்களும் முதலில் காலிமுகத்திடல் என்கிற பொதுத்திடலில்தான் ஆடினார்கள், பிறகு பொரளைப் பக்கம் தனிக்களம் கண்டார்கள். சென்னையில் ஜிம்கானா கிளப்பின் ஆட்டம் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் நடந்தது. ஊட்டியில் ஆடுகளம் அமைந்த வென்லாக் டவுன்ஸ் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. மேய்ச்சல் நிலம் என்றால் வந்தவர்கள் கண்ணுக்கு வெற்றிடம். அது யாருடைய சோறு என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கு மட்டும் தோன்றுகிறதா? சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பகுதியே இருக்கிறது. பேருந்து நடத்துனர் தினமும் அந்தப் பெயரைக் கூவுகிறார். மந்தையும் இல்லை, வெளியும் இல்லை.

பழனி மலைக்கு வருவோம். அரசுமணி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போய்விட்டது. அழித்தது கோல்ஃப் இல்லை. தைல மரம், சீகை, பைன் என்று வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட தோட்டங்களும் விவசாயமும்தான். மரம் நடுவது எப்போதும் நல்லதென்று நம்பி, புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்துச் செய்த பிழை. மழைநீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுகக் கீழே அனுப்புகிற பஞ்சு அந்தப் புல்வெளிகள். இப்போது காட்டெருமைக்குக் கொடைக்கானலில் எஞ்சியிருக்கிற நல்ல மேய்ச்சல்களில் ஒன்று கோல்ஃப் களம். இந்தக் கணக்கை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வேலி போட்ட ஒரு கிளப், தான் நினைத்தோ நினைக்காமலோ, நூறு ஏக்கருக்கு மேல் திறந்த வெளியைக் கட்டடம் ஏறாமல் காத்திருக்கிறது. அதே மலையில் வேலியில்லாத எத்தனை சரிவுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன என்பதை அந்தச் சாலையில் போனவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் வேலி நல்லதா? இங்கேதான் நான் பல நாள் தடுமாறினேன். தடுமாற்றத்தைத் தீர்த்தவர் ஒரு கேடி.

கேடி என்றால் ஆட்டக்காரருக்கு மட்டைப்பையைச் சுமந்து போகிறவர். களத்தின் ஒவ்வொரு சரிவும் அவருக்குத் தெரியும். எந்தப் பக்கம் காற்று, எந்தப் புல்லில் பந்து வழுக்கும் என்று ஆடுகிறவருக்குச் சொல்கிறவரும் அவர்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா செவ்கோலும் என்று ஒருவர் இருந்தார். இந்திய வம்சாவளி ஏழைக் குடும்பம், பள்ளிப்படிப்பு இல்லை. கேடியாகக் களத்துக்குள் போனவர், பார்த்துப் பார்த்து ஆட்டத்தைத் தானே கற்றுக்கொண்டார். மட்டையை எல்லாரும் பிடிப்பதற்கு நேர்மாறாக, இடக்கை கீழே வரும்படி பிடித்தார். அந்தப் பிடியோடு டச்சு ஓபன் பட்டத்தை மூன்று முறை வென்றார். 1963-இல் சொந்த ஊரில் நேட்டால் ஓபனையும் வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் நின்றார்கள். நிறவெறிச் சட்டம் இருந்த நாடு; அவர் உள்ளே போகக் கூடாது. கோப்பையை மழையில் வெளியே வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போனது. சில ஆண்டுகளில் அவர் போட்டிகளில் ஆடவே தடை வந்தது. 1978-இல் வறுமையில் இறந்தார்.

நம் ஊரில் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அதே பின்வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பாவும் அப்படியே. 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வென்ற சௌரசியா, கல்கத்தா கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். புல்லை வெட்டியவர் வீட்டிலிருந்தும் பையைச் சுமந்தவர் வீட்டிலிருந்தும்தான் வெற்றி வந்தது. அவர்கள் சிறுவயதில் அந்தப் புல்லில் கால் வைக்கக் கிடைத்த ஒரே உரிமை வேலைக்காரரின் உரிமை. வேலியைத் தாண்டி யாராவது ஒருவர் உள்ளே போனதால்தான் அந்த ஆட்டம் இந்த நாட்டில் வளர்ந்தது. காப்பதற்கு வேலி வேண்டியிருக்கலாம். ஆனால் உள்ளே விடாத வேலியால் ஆட்டத்துக்குத்தான் இழப்பு.

உடையைப் பற்றியும் ஒரு சொல். காலர் வைத்த சட்டை, இன்ன வகைக் காற்சட்டை, இன்ன காலணி என்று கிளப்புகள் விதி வைப்பது வழக்கம். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் விழாவுக்கு வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. தமிழகச் சட்டமன்றம் அதே ஆண்டில் சட்டமே கொண்டுவந்தது: வேட்டி கட்டியவரை எந்தப் பொழுதுபோக்குக் கிளப்பும் தடுக்கக் கூடாது. நீதிபதியைத் தடுத்ததால் சட்டம் வந்தது. எங்கள் பெரியம்மா போன்றவர்களைத் தடுக்க யாரும் தேவைப்படுவதில்லை. தாமாகவே சாலையோரத்தில் நின்றுவிடுகிறார்கள்.

சுற்றுலாக் குழுக்களை அன்போடு வரவேற்கிறோம் என்று எந்த ஆடுகளம் சொன்னாலும் என் மனம் அந்த வேனுக்குப் போகிறது. நாங்களும் ஒரு குழுதான். எங்களுக்கு மட்டை வேண்டாம், கேடி வேண்டாம். ஐந்து நிமிடம் அந்தப் புல்லில் செருப்பில்லாமல் நடந்திருந்தால் போதும்.

எங்கள் ஊரில் புல் உண்டு, ஓர் இடத்தில். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில். ராஜேந்திர சோழன் கட்டியது, ஆயிரம் ஆண்டு ஆகிறது. 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. விமானத்தைச் சுற்றித் தொல்லியல் துறை வளர்க்கிற புல்தரை, வெயில் கொளுத்தும் எங்கள் வட்டாரத்திலேயே பெரிய பச்சை. அங்கே உறுப்பினர் யாரும் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை. செருப்பை வெளியே விட வேண்டும், அது ஒன்றுதான் உடை விதி. எந்த நாளும் வேன் நிற்கும். சேலத்திலிருந்து, கும்பகோணத்திலிருந்து, கேரளத்திலிருந்து, பிரான்சிலிருந்து. ஐப்பசிப் பௌர்ணமியில் அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசி என்று எங்கள் பக்கம் கணக்குச் சொல்வார்கள். அன்றைக்கு அந்தப் புல்லில் கால் வைக்க இடம் இருக்காது. பிள்ளைகள் உருளுவார்கள், பாட்டிகள் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார்கள், கல்லூரிப் பிள்ளைகள் விமானத்தை வரைந்துகொண்டிருப்பார்கள். ஒருவரை ஒருவர் நீ யார் என்று கேட்பதில்லை.

அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டு, மறுநாள் காலையைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. மறுநாள் காலையில் தட்டுகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் புல்லெங்கும் கிடக்கும். பெண்கள் நாலைந்து பேர் சாக்கோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், கொடைக்கானலில் குனிந்து ஒரு பிடி மண்ணைத் திரும்ப வைத்த அந்த முதியவர் நினைவுக்கு வருகிறார். அவருக்குச் சொந்தமான நிலம் அது, அதனால் குனிந்தார் என்று சொல்லலாம். ஆனால் விருந்தாளியாக வந்து ஆடுகிறவரும் அங்கே குனிந்துதான் ஆக வேண்டும். வந்தவருக்கும் கடமை வைக்கிற இடம் அது. நாம் பொது இடத்தை எல்லாருக்கும் திறந்து வைத்தோம். வருகிறவருக்குக் கடமை என்று ஒன்றைச் சொல்லித்தர மறந்துவிட்டோம்.

பெயர்த்ததைத் திரும்ப வைக்காத பழக்கம் எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலின் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல் அணைக்கரையில் இருக்கிறது. மதில் திரும்ப வரவில்லை. ராஜேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும்படி வெட்டுவித்த சோழகங்கம் ஏரி, பொன்னேரி என்ற பெயரில் கிடக்கிறது. கரையும் வாய்க்காலும் தூர்ந்து, ஏரியின் பெரும்பரப்பு மழைக்குக் காத்திருக்கிற வெளியாகிவிட்டது. அது யாருடைய கிளப்பும் இல்லை, எல்லாருடையதும்தான். அதனாலேயே யாரும் குனிந்து ஒரு கூடை மண்ணை அள்ளாமல் தலைமுறைகள் போய்விட்டன.

திரும்ப வந்ததும் உண்டு. தொண்ணூறுகளில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் என்று ஆயிரக்கணக்கான ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. முந்திரிக்காடும் மானாவாரிக் கொல்லையுமான நிலம். இழப்பீடு போதாது என்று வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல், தன் நிலத்திலேயே தான் அயலானாக நின்றவர்களை எங்கள் பக்கத்தில் எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். சுரங்கம் வெட்டவே இல்லை. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உரியவர்களிடமே ஒப்படைக்க முடிவெடுத்தது. இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது. ஆனாலும், பெயர்த்ததை இருந்த இடத்திலேயே வைக்க அரசாலும் முடியும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

சென்னையிலும் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறது. கிண்டியில் 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட சுமார் 160 ஏக்கர் பந்தயத் திடலை, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து திரும்ப எடுத்துக்கொண்டது. அதில் பெரும்பகுதியில் பூங்காவும், வெள்ளத்தைத் தாங்கக் குளங்களும் என்று அறிவித்தது. வழக்குகள் நடந்தன. தீர்ப்பு எப்படிப் போனாலும் என் கவலை அதற்குப் பிறகானது. எடுத்த நிலத்தை, கோல்ஃப் ஆட்டக்காரர்கள் பார்த்துக்கொண்டது போல நாம் பார்த்துக்கொள்வோமா? புல்லின் ஒவ்வொரு காயத்தையும் காயம் என்று காணப் பழகிய கண் நமக்கு வருமா? வராவிட்டால் திரும்ப எடுத்ததில் பாதிப் பயன்தான்.

கிளப்புகளிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. அதற்கு முன்னோடியும் அந்த ஆட்டத்தின் தாய்வீட்டிலேயே இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய களத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. அன்றைக்கு அது ஊர்மக்களின் பூங்கா. நாயை அழைத்துக்கொண்டும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டும், உலக வீரர்கள் நடந்த அதே புல்லில் அவர்கள் நடக்கிறார்கள். புல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கொடைக்கானல், ஊட்டி, சென்னை, கோவை என்று நம் மாநிலத்தில் ஆடுகளம் வைத்திருக்கிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் முடியாவிட்டால் மாதத்தில் ஒரு காலையாவது பந்தை எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கட்டும். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் வரட்டும். பெயர்ந்த புல்லை எப்படித் திரும்ப வைப்பது என்று அந்த முதியவர் போன்ற ஒருவர் அவர்களுக்குச் செய்து காட்டட்டும். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளை நாளைக்கு எங்கள் ஏரிக்கரையிலும் குனியும்.

வாசகருக்கு ஓர் அழைப்பு. எங்கள் ஊருக்கு வாருங்கள், கூட்டமாகவே வாருங்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பேருந்து உண்டு. செருப்பை வாசலில் விட்டு, விமானத்தின் நிழல் விழுகிற பக்கமாகப் புல்லில் உட்காருங்கள். எழுந்து போகும்போது நீங்கள் உட்கார்ந்த இடத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்து, கிடப்பதை எடுத்துக்கொண்டு போங்கள்.